சூடு இல்லை நைனா

என் உயிர் நைனாவுக்கு, உன் எஸ்தர் எழுதிக்கொள்வது.

நான் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவும் நலம், முட்டிவலி ஒன்றைத் தவிர. அண்ணன் நலமா இல்லையா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திப் பத்து நிமிஷம்தான் ஆகிறது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையில் இருந்த கம்பெனி நோட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயப்படாதே. அண்ணனுக்கு நோய் என்று யாரும் சொல்லவில்லை. நோய் வராமல் இருக்கத்தான் இங்கே வந்திருக்கிறோம். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவன் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று நீ கேட்பாய், தெரியும். அண்ணனும் ஆறு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். உன் பிள்ளைதானே.

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. எப்படிச் செத்தார் என்று யார் கேட்டாலும் நம் வீட்டில் ஒரே பதில்தான்: சூடு. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் இருபத்தாறு வருஷம் பர்னஸ் உலை முன்னால் நின்ற மனுஷன், சூடு உடம்பில் இறங்கி, குடலைத் தின்றுவிட்டது. இப்படித்தான் அம்மா சொன்னாள், இப்படித்தான் அக்கம்பக்கம் சொன்னது, நானும் இப்படித்தான் நம்பினேன். பி.எஸ்சி. படித்தவள் நான், ஒரு நாளாவது யாரிடமாவது கேட்டிருக்க வேண்டாமா?

உனக்கு ரத்தம் போனபோதும் சூடு என்றுதான் சொன்னாய். பர்னஸ்காரர்கள் எல்லோருக்கும் அது சகஜம் என்று மில்லே சொன்னது. ஒருத்தர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார், இன்னொருத்தர் தலைக்கு நல்லெண்ணெய் வைக்கச் சொன்னார். மோர், மோர், எந்நேரமும் மோர். நீ இளைத்தபோது சூட்டில் உருகுகிறாய் என்றோம். ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது அது குடலை விட்டுக் கல்லீரலுக்குப் போயிருந்தது. அதற்கப்புறம் ஏழு மாதம். ஐம்பத்தாறு வயசு ஒரு வயசா நைனா?

நீ போனதும் அண்ணன் பர்னஸ் வேலையை விட்டுவிட்டான். அதே மில்லில் லாரிகளை நிறுக்கிற எடைமேடைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். சம்பளம் குறைச்சல், ஓவர்டைம் கிடையாது, அண்ணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'சூட்ட வுட்டு வந்துட்டேன், எனக்கு அது போதும்' என்றான். தினமும் ஒரு பாட்டில் மோர் எடுத்துக்கொண்டு போவான். இன்றுவரை ஒரு நாள் தவறியதில்லை.

அம்மா கதை வேறு. நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்ட நாட்களில் அவள் உனக்கு மோர் கட்டித் தரமாட்டாள் அல்லவா? அந்த நாட்களையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் இருந்தாள். எங்களிடம்கூடச் சொல்லவில்லை.

என் வேலை உனக்கு நினைவிருக்கும். காக்களூரில் அதே கம்பெனிதான். பால் பண்ணைகளுக்குப் போகிற ஸ்டீல் குழாய்களுக்குள் கேமரா ஒயரை விட்டு, வெல்டிங் உள்பக்கம் சரியாக இருக்கிறதா என்று திரையில் பார்க்கிற வேலை. ஊசிமுனை அளவு குழி இருந்தால்கூடப் பால் அதில் தங்கிக் கெட்டுவிடும், குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 'சூப்பர்வைசரம்மா, குழாய்க்குள்ள இன்னா படம் ஓடுது?' என்று என்னைக் கிண்டல் செய்வாயே. பன்னிரண்டு வருஷமாக அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். ஒரு லேடி டாக்டர், என்னைவிடச் சின்னவர். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். அப்பாவுக்குக் குடலில் இருந்தது, பர்னஸ் வேலை, சூட்டால் வந்தது என்று கடகடவென ஒப்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். "குடல்ல முதல்ல ஒரு சின்ன சதை வளரும். வலிக்காது, தெரியாது. அது புற்றா மாற பல வருஷம் ஆகும். அதுக்குள்ள பாத்து எடுத்துட்டா முடிஞ்சுது. அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கு வயசு நாப்பது. நீங்க கண்டிப்பா பாத்துக்கணும். கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும்."

"எனக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்."

"ஒண்ணும் இல்லாதப்பதான் பாக்கணும்."

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அந்த டெஸ்ட்டுக்குப் போனேன், நைனா. முந்தின நாள் முழுக்கச் சோறு கிடையாது. இளநீர், வடிகட்டின கஞ்சித்தண்ணி, அப்புறம் உப்புக் கரிக்கிற ஒரு மருந்துத் தண்ணி லிட்டர் கணக்கில். பாத்ரூமிலேயே குடியிருந்தேன் என்று வைத்துக்கொள். கடைசியில் வெறும் தண்ணீராகப் போனது. அதையும் உன்னிடம்தான் சொல்லவேண்டும், வேறு யாரிடம் சொல்ல?

லேசாக மயக்கம் கொடுத்துப் பின்வழியாகக் கேமரா ஒயரை விட்டார்கள், ஆனால் நான் தூங்கவில்லை. 'நான் பாக்கலாமா?' என்றேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிவிட்டார்.

நைனா, நான் எனக்குள்ளே பார்த்தேன்.

எப்படிச் சொல்வேன்? குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடித்தால் ஒரு நிறம் தெரியுமே, அந்த நிறம். வளையம் வளையமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஈரமாக, பளபளவென்று, மெல்லிய சிவப்பு நரம்புக் கோலத்தோடு. ஆயிரக்கணக்கான குழாய்களை உள்ளே பார்த்தவள் நான். இவ்வளவு வழவழப்பாக ஒன்றைப் பார்த்ததில்லை. எங்கேயும் ஒரு இணைப்பு இல்லை, ஒரு வெல்டு இல்லை. யார் செய்தது இதை? நாற்பது வருஷமாக நான் தின்ற இட்லியையும் கருவாட்டையும் வாய் பேசாமல் வாங்கிக்கொண்டு, ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்திருக்கிறது. இப்படி ஒன்று எனக்குள் இருக்கிறது என்று ஒரு நாள்கூட நான் நினைத்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, நல்லா இருக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் அது இருந்தது. துவரம்பருப்பு அளவு, சின்னக் காம்பின்மேல் உட்கார்ந்துகொண்டு. எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த மாதிரி ஒரு பொட்டைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"இது எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?"

"நாள் இல்லம்மா, வருஷம். சிலது இப்படியே இருந்துடும், சிலது மாறும். எது மாறும்னு பாத்துச் சொல்ல முடியாது. அதனால எடுத்துடுவோம்."

ஒரு மெல்லிய கம்பிச் சுருக்கு வந்தது. அதன் கழுத்தில் விழுந்தது. இறுக்கியதும் துளி வெள்ளைப் புகை. எனக்கு எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. 'அவ்ளோதாம்மா' என்றார். என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, நாங்கள் மணவாள நகரில் வீடு மாறியபோது, எல்லாம் அது எனக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. படுத்தபடியே உன்னை நினைத்தேன். உனக்கும் ஒரு காலத்தில் துவரம்பருப்பாகத்தானே இருந்திருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியபாளையம் பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த படக் காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நைனா சூட்டால் சாகவில்லை என்று சொன்னேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ நான் மோரு குடுக்காதது இல்லியா?"

"இல்லம்மா."

"மெய்யாலுமே இல்லியா?"

"இல்லம்மா. மோருக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்புறம் மீன் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ராணி மாதிரி உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாள், நைனா. உன் பொண்டாட்டி அப்படிச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அண்ணன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். அம்மாவைத் தூக்கி நிறுத்திய அதே வார்த்தை அவனை ஏன் அப்படிச் சாய்த்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. வெட்கப்படுகிறான் என்றுதான் நினைத்தேன். போனில் பேசும்போதெல்லாம் சண்டை.

"எனக்கு ரத்தமே வரல. நான் இன்னாத்துக்குப் போவணும்?"

"ரத்தம் வர்றதுக்கு முன்னாடியே போவணும்ணா. அதான் விஷயமே."

"பின்னால கேமரா வுடுவாங்களாமே. இன்னா பேஜாரு இது! மில்லுல தெரிஞ்சா என்னைக் கலாய்ச்சே சாவடிச்சிருவானுங்க."

"நானே காட்டிக்கினு வந்துட்டேன், உனக்கு இன்னா?"

"நைனா சூட்லதான் பூட்டாரு எஸ்தரு. டாக்டருக்கு இன்னா தெரியும்? அவங்க பர்னஸ் முன்னாடி நின்னிருக்காங்களா? வுடு அத்த."

இப்படியே ஆறு மாதம். போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டுச் சாயங்கால ரயிலுக்குத் திரும்பினேன். அண்ணன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். வழக்கமாக ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறவன், அன்றைக்குப் பிளாட்பாரத்துக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷிப்ட் முடிந்த கூட்டம் டிபன் பையோடு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எஸ்தரு, நான் பாத்தேன்" என்றான்.

"இன்னாத்தண்ணா பாத்த?"

"மில்லுல, கை கால் கழுவுற தொட்டிகிட்ட. எல்லாரும் போனப்புறம் நைனா பேண்ட்டத் தொவச்சிக்கினு இருந்தாரு. தண்ணி செவப்பாப் போவுது. இன்னா நைனான்னேன். 'சூடுடா, அம்மாகிட்ட சொல்லாத'ன்னாரு. நான் சொல்லல. எட்டு மாசம் சொல்லல, எஸ்தரு. மோரு மட்டும் வாங்கிக் குடுத்தேன்."

நான் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"சூட்ல பூட்டாருன்னா நான் இன்னா பண்ணியிருக்க முடியும்? ஒண்ணும் இல்ல. நீ வந்து சூடு இல்லன்ற. அப்போ நான்தானே?"

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, நைனா. மறைக்காமல் சொல்கிறேன், இந்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. பெத்த பிள்ளையிடம் எப்படிப்பட்ட மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்! அவனும் அதை எடைமேடையில்கூட இறக்கிவைக்காமல் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். அந்தச் சூடு அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சம்பளத்தை விட்டான், அதற்காகத்தான் தினமும் மோர் குடித்தான். என் அண்ணனை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தது போல இருந்தது.

ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

"நீ அன்னிக்கே ஊட்ல சொல்லியிருந்தாலும் நாங்க மோருதான் குடுத்திருப்போம்ணா" என்றேன். "அம்மா இன்னும் ஒரு டம்ளர் சேத்துக் குடுத்திருக்கும். நான் வெந்தயம் ஊற வச்சிருப்பேன். யாருக்கும் தெரியாதுண்ணா. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். மீசை எல்லாம் நரைத்துவிட்டது, நைனா, உன் மீசைதான் அது.

"இப்ப தெரியும்" என்றேன். "இப்ப தெரிஞ்சும் போவலன்னாதான் தப்பு."

அடுத்த ரயில் வந்தது. வண்டி நின்று நான் ஏறியபோது ஜன்னல் பக்கம் வந்து, "எப்போ போவணும்?" என்று கேட்டான்.

அதுதான் இன்றைக்கு. ஆஸ்பத்திரி சென்னையில் என்பதால் நேற்று அங்கேயே என் நாத்தனார் வீட்டில் தங்கினோம். மருந்துத் தண்ணியைக் குடிக்கச் சொன்னால், 'பர்னஸ் முன்னாடி நின்னப்பகூட இவ்ளோ தண்ணி குடிச்சதில்லடி' என்று அலறினான். காலையில், 'நாஷ்டா கூடக் கெடையாதா?' என்று பச்சைக் குழந்தை மாதிரிக் கேட்டான். அம்மா போன் போட்டு எத்தனை தடவை போனான் என்று கணக்குக் கேட்கிறாள். உள்ளே போகும்போது சட்டைப் பையிலிருந்து உன் போட்டோவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இதோ, நோட்டுக்கு மேலேதான் இருக்கிறாய்.

நேரம் ஆகிறது, நைனா. எனக்கு இவ்வளவு நேரம் ஆகவில்லை. பேனாவை வைக்கிறேன்.

*

ஒரு வாரம் கழித்து இதைத் தொடர்கிறேன்.

அன்றைக்குக் கதவு திறந்து, 'டேவிட்கூட வந்தது யாரு?' என்று கூப்பிட்டார்கள். நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் படத்தைக் காட்டினார். அண்ணனுக்கு இரண்டு இருந்தன. ஒன்று என்னுடையது மாதிரிதான். இன்னொன்று நல்ல கொண்டைக்கடலை அளவு, கருஞ்சிவப்பாக, மேடும் பள்ளமுமாக. 'ரெண்டையும் முழுசா எடுத்தாச்சு, பெரிசை டெஸ்ட்டுக்கு அனுப்பறோம்' என்றார்.

அண்ணன் அரைமயக்கத்தில் படுத்திருந்தான். படத்தை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். வழவழவென்று இருந்த இடத்தை விரலால் தடவினான். அவனுக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். 'இது நானா?' என்றான். பிறகு அந்தக் கொண்டைக்கடலையில் விரல் நின்றது.

"நைனாக்கும் இவ்ளோதானா எஸ்தரு வேண்டியிருந்துது?"

"இவ்ளோதாண்ணா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். எனக்கும் அழுகைதான், ஆனால் நான் அழுதால் அவன் எப்படி அழுவான்?

நேற்று ரிசல்ட் வந்தது. புற்று இல்லை, நைனா. அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, போய்ச் சேருவதற்குள் பிடித்துவிட்டோம். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். மூன்று வருஷத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் போனில் சொன்னபோது ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒரு சேதி இருக்கிறது. மில்லில் தெரிந்தால் மானம் போய்விடும் என்றவன் என்ன செய்தான் தெரியுமா? வேலைக்குத் திரும்பின அன்றைக்கே, ஷிப்ட் விடுகிற நேரம், அந்தத் தொட்டிகிட்டப் போய் நின்றானாம். நீ துணி துவைத்த அதே தொட்டி. கை கால் கழுவிக்கொண்டிருந்த பர்னஸ்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். உன்னைப் பார்த்ததையும் சொல்லியிருக்கிறான். 'ரத்தம் போச்சுன்னா சூடுன்னு நெனச்சிக்கினு கம்முனு இருக்காதீங்கடா. ஒண்ணும் இல்லாங்காட்டியும் ஒரு வயசுக்கு மேல போய்க் காட்டுங்க. மலத்தையே டெஸ்ட் பண்ணிப் பாக்குற வழி கூட இருக்குதாம், கேட்டுப் பாருங்க' என்றானாம். சிரித்தார்களாம். கேமராவைப் பற்றி நீ நினைக்கிற ஜோக்கெல்லாம் அடித்தார்களாம். அண்ணனும் கூடவே சிரித்துவிட்டு எடைமேடைக்கு வந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் தனியாக வந்தாராம். அவர் வயசில் நீ எப்படி இருந்தாயோ அப்படி, கண்ணெல்லாம் சிவந்து, சட்டை முழுக்கக் கரி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்த ஆஸ்பத்திரி டேவிட்டு?" என்று கேட்டாராம்.

அண்ணன் எழுதிக் கொடுத்தான். பாட்டிலில் இருந்த மோரில் பாதியை அவருக்குக் கொடுத்தான். 'இது சும்மா ருசிக்கு' என்றானாம்.

நைனா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மூன்று வருஷத்தில் நானும் அண்ணனும் சேர்ந்தே போவோம், அவன் அலறினாலும் இழுத்துக்கொண்டு போவேன். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வயசு வரும்போது அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவோம். 'அம்மாகிட்ட சொல்லாத' என்று நீ அண்ணனிடம் சொன்ன வார்த்தையை இனி நம் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லமாட்டோம். நீ கேட்டுக்கொண்ட ரகசியத்தை அவன் இப்போதுதான் இறக்கிவைத்திருக்கிறான், அவன்மேல் வருத்தப்படாதே. அம்மாவுக்கும் தெரியும். 'அந்தாளு எப்பவும் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு, உன் போட்டோவைத் துடைத்து மாட்டினாள்.

உன் சூப்பர்வைசரம்மா,
டேவிட்டின் தங்கச்சி,
எஸ்தர்